10 வாரத்துல பொன்னியின் செல்வன்: நின்னு போய் மறுபடி நடந்த ஒரு ஆன்லைன் வாசிப்புக் குழு (நிகழ்வு ஆய்வு)

இது 2021 ஜனவரில இருந்து நவம்பர் வரைக்கும் நான் அட்மினா இருந்த ஒரு வாசிப்புக் குழுவுல நடந்தது. இதே மாதிரி குரூப் நடத்துறவங்க, ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறவங்க ரெண்டு பேருக்கும் உதவும்னு எழுதுறேன். யார் பேரும் போடல, ரெண்டு மூணு பேரோட ஊரையும் வேலையையும் மாத்தியிருக்கேன். கதையோட பின்பாதி விஷயம் நடுவுல வரும், இன்னும் படிக்காதவங்க பார்த்துக்கோங்க.

பின்னணி

2020 லாக்டவுன்ல காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் 6 பேர் சேர்ந்து மாசம் ஒரு சின்னப் புத்தகம்னு படிச்சு டெலிகிராம்ல பேசிட்டு இருந்தோம். ஜாலியா போயிட்டு இருந்துச்சு, யாரும் கணக்கு வெச்சுக்கல. அந்த வருஷக் கடைசில ஒருத்தர் பொன்னியின் செல்வன் படிக்கலாம்னு சொன்னார், அப்ப படம் எடுக்கிறாங்கங்கிற பேச்சு எல்லா இடத்துலயும் ஓடிட்டு இருந்துச்சு, படம் வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிரணும்னு நிறைய பேருக்கு ஒரு வேகம். நண்பர்கள், நண்பர்களோட அம்மா, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்கன்னு சேர்ந்து 2021 பொங்கலுக்குள்ள 38 பேர் ஆயிட்டோம். 22 வயசுப் பையன்ல இருந்து 70 தாண்டினவர் வரைக்கும், சென்னை, கோயம்புத்தூர், சிதம்பரம் பக்கம், பெங்களூர், துபாய், மும்பைன்னு எல்லா ஊர்லயும் ஆள்.

இதுல பாதிப் பேருக்கு இதுதான் முதல் பெரிய தமிழ் நாவல். அதை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

ஷெட்யூல்

அஞ்சு பாகம். முதல் பாகத்துல 57 அத்தியாயம், ரெண்டாவதுல 53, மூணுலயும் நாலுலயும் 46, கடைசிப் பாகம் மட்டும் 91, மொத்தம் 293. நாங்க 10 வாரம்னு வெச்சோம், அதாவது வாரத்துக்கு சுமார் 29, ஒரு நாளைக்கு 4 அத்தியாயம். இதை முடிவு பண்ணினது நானும் இன்னும் ரெண்டு பேரும், மூணு பேருமே ஏற்கெனவே ஒரு தடவை படிச்சவங்க, ராத்திரி உக்காந்தா 10 அத்தியாயம் ஓடிடும்ங்கிற ஆளுங்க. குரூப்ல ஓட்டெடுப்பு (போல்) ஒண்ணு வெச்சோம், 10 வாரமா 12 வாரமான்னு ரெண்டே ஆப்ஷன். 25 வாரம்னு ஒரு ஆப்ஷன் வெக்கணும்னு யாருக்கும் தோணவே இல்ல. கல்கி இதைத் தொடரா எழுதினது 1950 அக்டோபர்ல இருந்து 1954 மே வரைக்கும், மூணரை வருஷம், வாரக் கணக்குல பார்த்தா வாரத்துக்கு ஒண்ணரை அத்தியாயம்தான். அதை நாங்க கிட்டத்தட்ட இருபது மடங்கு வேகத்துல ஓட்டப் பார்த்தோம். இந்தக் கணக்கெல்லாம் எல்லாம் முடிஞ்ச பிறகு போட்டது.

விதிகள் மூணு. ஒண்ணு, அந்த வாரப் பகுதியை முடிச்சவங்க மட்டும் பேசணும். ரெண்டு, முன்னாடி வரப்போறதைச் சொல்லக்கூடாது. மூணு, சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் ஒரு கமெண்ட்டாவது போடணும். முதல் விதி எனக்கு ரொம்ப நியாயமாப் பட்டுச்சு, படிக்காம வந்து பேசறவங்களால மத்தவங்களுக்கு எரிச்சல் வரக்கூடாதுன்னு.

மும்பைல பொறந்து வளர்ந்த ஒரு அக்கா, வீட்ல தமிழ் நல்லாப் பேசுவாங்க ஆனா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க, ரெண்டாவது வாரம் எனக்குத் தனியா மெசேஜ் பண்ணாங்க: "வாரத்துல ஒரு நாள் குரூப் கால்ல வந்து யாராவது ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படிக்க முடியுமாப்பா?" டைம் இருக்காது அக்கா, ஆடியோ இருக்கு அதைக் கேளுங்கன்னு பதில் போட்டுட்டேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

முதல் 4 வாரம்

முதல் வாரம் குரூப் தீபாவளி மாதிரி இருந்துச்சு. வீராணம் ஏரிக்கரை, ஆடிப்பெருக்கு, வந்தியத்தேவன் குதிரை, ஆழ்வார்க்கடியான் சண்டைன்னு ஒரு நாளைக்கு 200 மெசேஜ். ரெண்டாவது வாரத்துல சின்னச் சின்னதா சில விஷயம் தெரிய ஆரம்பிச்சுது, ஆனா எதையும் பிரச்சனையா நான் எடுத்துக்கல.

ஒண்ணு பக்க எண். கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால எத்தனையோ பதிப்பகம் போட்டிருக்கு, அஞ்சு தனிப் புத்தகம், ஒரே குண்டுப் புத்தகம், போன்ல மதுரைத் திட்டத்தோட இலவச மின்நூல்னு ஆளுக்கு ஒண்ணு கையில. ஒருத்தர் "212-ஆம் பக்கம் பாருங்க" அப்படின்னா இன்னொருத்தர் பக்கத்துல பழுவேட்டரையர் இருப்பார், வேற ஒருத்தர் பக்கத்துல பூங்குழலி படகு ஓட்டிட்டு இருப்பா. ரெண்டு நாள் இதுலயே போச்சு. அத்தியாய எண்ணும் தலைப்பும்தான் எல்லாருக்கும் பொது, அதை மட்டும் சொல்லணும்னு வெச்ச உடனே சரியாயிடுச்சு.

இன்னொண்ணு, ஆடியோ கேக்கறது படிச்ச கணக்குல வருமான்னு ஒரு சண்டை. வரும்னு சொல்லி ஒரே வரில முடிச்சோம். நான் போட்ட முடிவுகள்ல இன்னைக்கும் சரின்னு நினைக்கிறது இது ஒண்ணுதான்.

நாலாவது வாரம் எண்ணிப் பார்த்தா சனிக்கிழமை கமெண்ட் போட்டவங்க 14 பேர்.

கல்வெட்டு விவகாரம்

சிதம்பரம் பக்கத்துல பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் குரூப்ல இருந்தார். கல்வெட்டுல ஆர்வம், பஸ் ஏறிப் போய் கோயில் சுவரைப் பார்த்துட்டு வர்றவர். நாங்க ரெண்டாம் பாகத்தோட கடைசில இருக்கிறப்ப அவர் ஒரு நீளமான பதிவு போட்டார். காட்டுமன்னார்கோயில்ல, அதாவது உடையார்குடில, அனந்தீஸ்வரர் கோயில்ல ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன்னு பேர் சொல்லி, அவங்க, அவங்க சொந்தக்காரங்க நிலத்தையெல்லாம் எடுத்துக்கிட்டது பத்தி அதுல வருதுன்னு. அந்தக் கோயில் நம்ம கதை ஆரம்பிக்கிற வீராணம் ஏரிக்குப் பக்கத்துலயே இருக்கு, வந்தியத்தேவன் குதிரையில போன வழின்னு ஒரு போட்டோவும் சேர்த்துப் போட்டிருந்தார்.

அருமையான பதிவு. ஆனா படிச்சுட்டு இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கரிகாலன், அதாவது கதைல வர்ற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், சாகப்போறான்னே தெரியாது.

கோயம்புத்தூர் தம்பி ஒருத்தன், ஐடில வேலை, முதல் தடவை படிக்கிறான், ராத்திரி 11 மணிக்கு "ஏன் சார் இப்படி பண்றீங்க, ரூல் போட்டிருக்குல்ல, மூணு வாரமா படிச்சதெல்லாம் வேஸ்ட்" அப்படின்னு போட்டான். பெரியவர் அமைதியாத்தான் பதில் சொன்னார்: "சரித்திரத்துல ஆயிரம் வருஷம் முன்னாடி நடந்தது எப்படிப்பா ரகசியம் ஆகும்? ரவிதாஸன் கூட்டம் சோழ குலத்தை அழிக்கச் சதி பண்றதை முதல் பாகத்துலயே திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்டுல வெச்சு கல்கியே காட்டிட்டாரே." தம்பி விடல, சதி பண்றாங்கன்னு தெரியறதும் அது ஜெயிக்கப்போகுதுன்னு தெரியறதும் ஒண்ணா சார்னு கேட்டான். இப்ப யோசிச்சா அந்த ரெண்டு வரிதான் அந்த 10 வாரத்துல நடந்த ஒரே நல்ல விவாதம்.

அதை நான் வளர விட்டிருக்கணும். காலைல 6 மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தேன், 60 மெசேஜ் இருந்துச்சு, பதட்டத்துல பெரியவரோட பதிவை டெலீட் பண்ணிட்டு "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், வயசு வித்தியாசம் கிடையாது, தயவுசெய்து இனிமே இப்படிப் போடாதீங்க" அப்படின்னு குரூப்லயே எழுதிட்டேன். தனியா ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லல. டெலிகிராம்ல எழுத்தை மறைச்சு வெச்சு தொட்டா மட்டும் தெரியற வசதி அந்த வருஷக் கடைசிலதான் வந்துச்சு, அது அப்பவே இருந்திருந்தாலும் நான் அதைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல, என் கோபம் பதிவு மேல இல்ல, குரூப் கை மீறிப் போயிடுமோங்கிற பயம்தான்.

பெரியவர் மத்தியானம் குரூப்ல இருந்து வெளிய போயிட்டார். ஒண்ணுமே எழுதல.

அமைதி

அஞ்சாவது வாரத்துல இருந்து குரூப் சத்தம் குறைஞ்சுது. தம்பிக்கும் சங்கடம், அவனும் பேசல. சனிக்கிழமை நினைவூட்டல் போட்டா நாலு தம்ஸ் அப் வரும், அவ்ளோதான். ஏழாவது வாரம் பேசினவங்க 5 பேர், அதுல மூணு பேர் ஷெட்யூல் போட்ட நாங்களே. ஜனங்களுக்கு ஆர்வம் போயிடுச்சு, படம் வரும்போது பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க அப்படின்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஏப்ரல்ல தேர்தல், அப்புறம் ரெண்டாவது அலை, மே 10-ல இருந்து தமிழ்நாட்டுல மறுபடி முழு ஊரடங்கு. குரூப்ல ஒருத்தரோட அப்பா அந்த மாசம் தவறிட்டார். ஆக்சிஜன் படுக்கை எங்க இருக்குன்னு கேட்டு மூணு பேர் மெசேஜ் போட்டாங்க, அதுக்கு மட்டும் 38 பேர்ல யாரோ ஒருத்தர் உடனே பதில் சொன்னாங்க. புத்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அது சரியும்கூட.

போன் பண்ணிக் கேட்டப்ப தெரிஞ்சது

ஜூன் ஆரம்பத்துல, முதல்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேக்கத்தான், ஒவ்வொருத்தரா போன் பண்ணேன். 9 பேர்கிட்ட கொஞ்சம் நீளமாப் பேச முடிஞ்சுது. அதுல 6 பேர் படிக்கறதை நிறுத்தவே இல்ல! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒருத்தர் மூணாம் பாகத்துல பாதி, ஒருத்தங்க ரெண்டாம் பாகத்துலயே இன்னும் 8 அத்தியாயம் பாக்கி, துபாய்ல இருக்கறவர் வெள்ளிக்கிழமை மட்டும் படிக்கிறார். ஷெட்யூலுக்கு 10, 20 அத்தியாயம் பின்னாடி இருந்தாங்க, பேசினா பின்னாடி இருக்கறது தெரிஞ்சுடும், முடிச்சவங்க மட்டும் பேசணும்னு விதி வேற இருக்கு, அதனால வாயைத் திறக்கல. அடுத்த வாரம் பிடிச்சிடலாம்னு நினைச்சிருக்காங்க, அடுத்த வாரம் இன்னும் 29 சேர்ந்துடும், கந்து வட்டி மாதிரி. ஒரு அம்மா சொன்னது அப்படியே மனசுல நிக்குது: "ஸ்கூல்ல ஹோம்வொர்க் பண்ணாம கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்போமே, அந்த மாதிரி இருந்துச்சு கண்ணு."

அவங்களுக்கெல்லாம் புத்தகம் பிடிச்சிருந்துச்சு, நான் போட்ட ஷெட்யூல்தான் வாயை அடைச்சிருக்கு.

பெரியவருக்கும் போன் பண்ணேன். கடைசியாத்தான் பண்ணேன், தைரியம் வரல. மன்னிப்புக் கேட்டேன். "அட விடும்மா, நீ டெலீட் பண்ணது கூட பரவாயில்ல, எங்கிட்ட ஒரு போன் அடிச்சிருந்தா நானே எடுத்திருப்பேன்ல" அப்படின்னார். அதுக்கப்புறம் அவரே பேச்சை மாத்தி அவங்க வீட்டுக் கதையைச் சொன்னார். அவங்க அம்மா வீட்ல பத்திரிகைல வந்த தொடரைக் கிழிச்சுக் கிழிச்சு சேர்த்து பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்களாம், பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, சித்தி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணைல உக்காந்து சத்தமாப் படிப்பாங்களாம், அக்கம் பக்கத்து வீட்டு ஆளுங்களும் வந்து உக்காருவாங்க, அத்தியாயம் முடிஞ்ச உடனே புத்தகத்தை மூடிடுவாங்க. "அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும், அடுத்து என்ன ஆகும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லும், பாட்டி நந்தினியைத் திட்டும்" அப்படின்னார். யோசனையா எதுவும் அவர் சொல்லல, சும்மா கதையாத்தான் சொன்னார். எனக்கு மும்பை அக்காவோட மெசேஜ் ஞாபகம் வந்துச்சு.

இது ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு முடிச்சு போட்டு நிறுத்தற தொடர். அந்த முடிச்சுல எல்லாரும் ஒரே நேரம் நின்னாத்தான் பேச ஏதாவது இருக்கும். நாங்க 38 பேரும் 38 இடத்துல நின்னுட்டு இருந்தோம், பேச்சு எங்க இருந்து வரும்.

மாத்தினது

ஜூன் 20 ஞாயித்துக்கிழமை மூணாம் பாகத்தோட முதல் அத்தியாயத்துல இருந்து மறுபடி ஆரம்பிச்சோம். பாக்கி 183 அத்தியாயம், வாரத்துக்கு 8, அதாவது 23 வாரம். முதல்ல இருந்தே ஆரம்பிக்கலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு, ஏற்கெனவே படிச்சவங்களுக்கு அது தண்டனை மாதிரி இருக்கும்னு விட்டுட்டோம், ரெண்டாம் பாகம் முடிக்காதவங்களுக்கு மட்டும் ஒரு கால்ல கதைச் சுருக்கம் சொன்னோம்.

வாரத்துல ரெண்டு கால், புதனும் ஞாயிறும் ராத்திரி 8.30. ஒவ்வொரு கால்லயும் அந்த வார 8-ல ஒரு அத்தியாயத்தை யாராவது வாய்விட்டுப் படிப்பாங்க, 15 இல்ல 20 நிமிஷம், மிச்ச நேரம் அந்த ஒரு அத்தியாயத்தைப் பத்தி மட்டும் பேச்சு. மத்த 6 அத்தியாயம் அவங்கவங்க படிச்சுக்கணும், படிக்கலைன்னாலும் கால்ல படிச்ச அத்தியாயத்தைப் பத்திப் பேசலாம், அதை எல்லாரும் இப்பத்தான் கேட்டாங்க. முடிச்சவங்க மட்டும் பேசணும்ங்கிற விதியைத் தூக்கிட்டோம். ஜூம்ல இலவசக் கணக்குல 40 நிமிஷத்துல கட் ஆயிடும், முதல்ல அதைத் தொல்லைன்னு நினைச்சோம், பிறகு அதுதான் சித்தி புத்தகத்தை மூடற மாதிரி ஆயிடுச்சு.

ஸ்பாய்லர், அதாவது கதையை முன்னாடியே சொல்லிடற பிரச்சனைக்கு ரெண்டு தனி குரூப்: ஒண்ணுல வாசிக்கிறவங்க எல்லாரும், இன்னொண்ணு "ஏற்கெனவே படிச்சவங்க" மட்டும், அங்க கல்வெட்டு, சரித்திரம், என்ன வேணா. யாராவது தவறிப் போட்டா அட்மின் முதல்ல போன் பண்ணணும், டெலீட் பண்றது அதுக்கப்புறம்.

என்ன ஆச்சு

முதல் கால்ல 17 பேர் வந்தாங்க. படிக்க ஆள் கிடைக்கறது முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருந்துச்சு, எல்லாருக்கும் கூச்சம், அப்புறம் பெங்களூர்ல ஸ்கூல் படிக்கிற ஒருத்தரோட பொண்ணு பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தவ நான் படிக்கட்டுமான்னு வந்து தத்தித் தத்திப் படிச்சா, அன்னைக்கோட எல்லாருக்கும் கூச்சம் போச்சு. மும்பை அக்கா ஆகஸ்ட்ல முதல் தடவையா ஒரு முழு அத்தியாயம் படிச்சாங்க. 35 நிமிஷம் ஆச்சு, அன்னைக்குப் பேச நேரமே இல்ல, யாரும் நடுவுல ஒரு வார்த்தை திருத்தல.

எல்லாமே நல்லதா நடக்கலைன்னும் சொல்லணும். வேகமாப் படிக்கிற நாலு பேர் இது ஆமை வேகம்னு ஜூலைலயே விலகிட்டாங்க, அதுல என்னோட ஷெட்யூல் போட்ட ஒருத்தரும் உண்டு, அவங்க தனியா ஒரு குரூப் வெச்சு நிறைய புத்தகம் படிக்கறாங்க, அவங்க சொன்னதும் தப்பில்ல. புதன்கிழமை கால் துபாய்க்காரருக்கு ஆபீஸ் விட்டு வர்ற நேரம், அவருக்கு முக்காவாசி நாள் கார்லதான். கடைசிப் பாகம் 91 அத்தியாயம்ங்கிறதால அக்டோபர்ல எல்லாருக்கும் ஒரு அலுப்பு தட்டுச்சு, ஒரு வாரம் லீவு விட்டோம், அதைச் சரிக்கட்ட ஒரு வாரம் 16 அத்தியாயம் வெச்சது பெரிய தப்பு, பழையபடி அஞ்சாறு பேர் சத்தமில்லாமப் போயிட்டாங்க, ரெண்டு பேரை மறுபடி போன் பண்ணி இழுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு.

பெரியவர் குரூப்புக்கு வரல. டைப் பண்றது எனக்கு ஒத்துவரலம்மான்னு சொல்லிட்டார், ஆனா ஞாயித்துக்கிழமை கால் ஒண்ணு கூட விடல. கடம்பூர் மாளிகைல ஆதித்த கரிகாலன் சாகிற இடத்தை நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை படிச்சோம். படிச்சு முடிச்ச உடனே யாரு கொன்னா, நந்தினியா, பழுவேட்டரையரா, ரவிதாஸனான்னு எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க, கல்கி அதைத் தெளிவாச் சொல்லவும் இல்ல. அப்ப கோயம்புத்தூர் தம்பி மைக்கை ஆன் பண்ணி "சார், அன்னைக்கு நீங்க போட்ட கல்வெட்டை இப்ப சொல்லுங்க சார்" அப்படின்னான். ஒரு நிமிஷம் யாரும் பேசல. பெரியவர் உள்ள போய் நோட்டு எடுத்துட்டு வந்து சொன்னார். கொலை நடந்து, உத்தம சோழன் ஆண்டு முடிச்சு, ராஜராஜன் 985-ல பட்டத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஆணை வந்திருக்கு, நடுவுல ஏன் ஒண்ணும் நடக்கலைங்கிறதுதான் கேள்வி, சரித்திர ஆசிரியர்கள்ல நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டார், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார்னு ரெண்டு பக்கமும் சொன்னார். அன்னைக்கு ஜூம் மூணு தடவை கட் ஆச்சு, மூணு தடவையும் மறுபடி சேர்ந்தோம், முடிக்கறப்ப மணி பத்தே முக்கால்.

நவம்பர் 28 கடைசி அத்தியாயம். முழுசா முடிச்சவங்க 13 பேர்.

மறுபடி பண்ணா என்ன மாத்துவேன்

வேகத்தை, புத்தகத்தை முதல் தடவை படிக்கிறவங்களை வெச்சுத்தான் போடுவேன், மெதுவாப் படிக்கிற ரெண்டு மூணு பேர்கிட்ட ஒரு அத்தியாயம் படிக்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு முன்னாடியே கேட்டுடுவேன். போல் வெச்சா எனக்குப் பிடிக்காத ஆப்ஷனும் அதுல இருக்கணும். மூணாவது வாரம் யாரு பேசலைன்னு பார்த்து அவங்களுக்குப் போன், ஜூன் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஷெட்யூலைப் பிடிக்க முடியாதவங்களுக்கு ஒவ்வொரு பாகம் முடியறப்பவும் ஒரு வாரம் சும்மா இடைவெளி, அந்த வாரத்துல கதைச் சுருக்கம் மட்டும். அதை ஈடுகட்ட அடுத்த வாரத்துல எதையும் ஏத்தக்கூடாது, அக்டோபர்ல பட்டது போதும்.

இன்னும் விடை தெரியாதது ஒண்ணு இருக்கு: வேகமாப் படிக்கிறவங்களை எப்படி வெச்சுக்கறது. "ஏற்கெனவே படிச்சவங்க" குரூப் அவங்களுக்குப் போதலை. அடுத்த தடவை அவங்களையே வாய்விட்டுப் படிக்கிற வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். விலகின நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட கேட்டும் பார்த்தேன், யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.